வில்லின் பிடியும் பிள்ளையின் கையும்

உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒரு நாள் உங்களிடம் வந்து, "அத்தா, எனக்கு ஒரு வில் வாங்கித் தாருங்கள்" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குச் சென்றதும் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? வில்லின் நீளத்தைப் பார்ப்பீர்கள், மெருகைப் பார்ப்பீர்கள், இத்தனை பவுண்டு இழுவிசை என்று விற்பவர் பெருமையோடு சொல்வதைக் கேட்பீர்கள், இறுதியில் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவீர்கள். பிள்ளையின் கை பற்றப்போகிற அந்த நான்கு விரற்கடை அகலமுள்ள இடத்தை, அதாவது வில்லின் பிடியை, நின்று நோக்குவோர் மிகச் சிலரே. இக்கட்டுரை அந்த நான்கு விரற்கடையைப் பற்றியது.

இத்துணைச் சிறிய பொருளுக்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் எண்ணக்கூடும். பிடி பொருந்தாத வில்லைக் கையிலெடுத்த பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பாருங்கள். முதல் வாரத்தில் நாண் முன்கையில் உராய்ந்து சிவந்த தழும்பு விழுகிறது. இரண்டாம் வாரத்தில் பெருவிரலின் அடித்தசை வலிக்கிறது. ஓர் அம்பு இடப்புறம் போகிறது, அடுத்தது வலப்புறம் போகிறது, காரணம் விளங்குவதில்லை. மூன்று மாதத்தில் வில் பரண்மேல் ஏறிவிடுகிறது. "அவனுக்கு அது வராது" என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். குற்றம் பிள்ளையிடம் இல்லை, பிடியில் இருந்தது என்பதை எவரும் அறிவதில்லை.

நம் சமுதாயத்தாருக்கு இது சிறிய இழப்பன்று. ஹழ்ரத் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் முதுமையிலும் இரண்டு இலக்குகளை நாட்டி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்குமாக நடந்து நடந்து அம்பெய்து பழகிவந்தார்கள். இந்த வயதில் இத்தனை சிரமம் எதற்கு என்று ஒருவர் வினவினார். அதற்கு அவர்கள், அம்பெய்தலைக் கற்றுப் பின்னர் அதனைக் கைவிட்டவரைக் குறித்து ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்ததைத் தாம் செவியுற்றிருப்பதாகவும், அது இல்லையெனில் இத்துன்பத்தை மேற்கொண்டிருக்க மாட்டார் என்றும் விடையளித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அருள்மறையின் எட்டாம் அத்தியாயம் அறுபதாம் வசனத்தில் வரும் 'வலிமை' என்னும் சொல்லுக்கு, அம்பெய்தலே அவ்வலிமை என மிம்பரில் நின்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை விளக்கமளித்ததை அறிவித்தவரும் இதே உக்பா (ரலி) அவர்களே. கற்ற பின் கைவிடுவது இத்துணைக் கண்டிப்புக்குரியதாயின், பிள்ளை அதைக் கைவிடும்படியான வில்லை வாங்கித் தருகிற பெற்றோரும் சற்றுச் சிந்திக்க வேண்டாமா?

வேட்டை இல்லை, வேட்டைவில் உண்டு

கைக்குப் பொருந்தும் பிடி என்பது நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிய விஷயமன்று. பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த அதிராம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் கற்கால மனிதரின் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவ்வகைக் கருவிகளைப் பூண்டியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு முனை கூர்மையாகவும், மறுமுனை உள்ளங்கையில் அடங்கும்படி பருத்தும் இருப்பதைக் காட்டுங்கள். அறுக்கும் முனைக்குச் செலவிட்ட கவனத்தை அம்மனிதர் பற்றும் முனைக்கும் செலவிட்டிருக்கிறார். அம்பும் வில்லும் வந்தது அதற்கு மிகமிகப் பிந்திய காலத்தில்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேட்டைவில் என்று எழுதுவதால் வேட்டைக்குப் புறப்படச் சொல்வதாக எவரும் கருதலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலையும் கௌதாரியையும் வேட்டையாடுவது குற்றம். பழவேற்காட்டு ஏரிக்கு வரும் பூநாரைகளின்மீது கல்லெறிவதுகூட வேண்டாத வினை. உயிருள்ள கோழியொன்றைக் கட்டிவைத்து இளைஞர் சிலர் அம்பெய்து பழகியதைக் கண்டு ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் சினந்ததையும், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதாக எடுத்துரைத்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வைக்கோல் கட்டும் பழைய சாக்கும் போதும், அவற்றுக்கு வலிப்பதில்லை.

அப்படியாயின் வேட்டைவில் என்பது யாது? குறிபார்க்கும் கருவியோ, அசைவைத் தணிக்கும் கம்பிகளோ, வேறு பொறிகளோ பூட்டப்படாத எளிய வில். மூங்கிலாலோ மரத்தாலோ, மரத்தோடு கண்ணாடியிழைப் பட்டையை ஒட்டியோ செய்யப்படுவது. ஒலிம்பிக் போட்டியில் காணும் வில்லில் குறிகாட்டி தனியே உண்டு. இதில் கண்ணும் கையுமே குறிகாட்டி. ஆகவே கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் அமர வேண்டும். பிடி அரை விரற்கடை மேலேறினால் வில்லின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் உள்ள சமநிலை மாறும். அம்பு மேலோ கீழோ போகும். முஷ்டியை இறுக்கினால், நாணை விடுகின்ற அக்கணத்தில் வில் கைக்குள் திருகும். அம்பு பக்கவாட்டில் விலகும். மேலே கூறிய பிள்ளையின் அம்புகள் இடமும் வலமுமாய்ப் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அவன் வில்லைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. அது கீழே விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் நசுக்கிக்கொண்டிருந்தான்.

நேர்ப்பிடி, குழிப்பிடி, வார்ப்பிடி

பிடிகளுள் பல நுட்ப வேறுபாடுகள் உண்டெனினும், வாங்கச் செல்வோர்க்கு மூன்றை அறிந்தால் போதும். அவற்றுக்கு விளங்குவதற்காக நாமே பெயரிட்டுக்கொள்வோம்.

முதலாவது நேர்ப்பிடி. மூங்கில் வில்லிலும், ஆங்கிலேயரின் பழைய நெடுவில்லிலும் காண்பது இதுவே. மேலும் கீழும் வளைவோ பள்ளமோ இராது. தோலோ கயிறோ சுற்றியிருக்கும், அவ்வளவுதான். மலிவானது, செய்வதற்கு எளியது, இடக்கை வலக்கை என்ற வேறுபாடற்றது. ஆனால் கை எங்கே அமர வேண்டும் என்பதை இது சொல்லித் தராது. பழகுபவரே ஒவ்வொரு முறையும் தேடியமர்த்த வேண்டும்.

இரண்டாவது குழிப்பிடி. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையேயுள்ள கவை படியும் இடத்தில் சற்றே குழிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பற்றினாலும் கை தன் இடத்தை அறிந்துகொள்ளும். தொடக்கக்காரருக்கு என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

மூன்றாவது வார்ப்பிடி. துப்பாக்கியின் கைப்பிடி போல ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கும். இதிலும் மணிக்கட்டு தாழ்ந்து நிற்பது, நடுத்தரமாய் நிற்பது, உயர்ந்து நிற்பது என வகையுண்டு. தாழ்ந்த வகையில் உள்ளங்கையின் அடிப்பாகம் முழுவதும் பிடியில் சாய்ந்துகொள்ளும். நெடுநேரம் எய்தாலும் களைப்புக் குறைவு. உயர்ந்த வகையில் கவை மட்டுமே தொடும். தொடும் பரப்புக் குறைவதால் திருகலும் குறையும், ஆயின் மணிக்கட்டில் வலு வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு உயர்ந்த வகை சுமை. வார்ப்பிடியின் பெருங்குறை வேறொன்று: அது எவருடைய கைக்காகச் செதுக்கப்பட்டதோ அவருடைய கைக்கு மட்டுமே சுகம். பெரியவரின் கையளவுக்கு வார்த்த பிடியைச் சிறுவன் பற்றினால், பள்ளமெல்லாம் அவனுக்கு மேடாகும்.

நேர்ப்பிடியைத் தாழ்வாக எண்ணிவிட வேண்டாம். ராஜஸ்தானத்து உதய்ப்பூர் மாவட்டத்தில் ஆகாரி பழங்குடியில் பிறந்த லிம்பா ராம், மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்து வளர்ந்தவர். 1987-இல் அரசின் தேர்வுக் குழுவினர் கண்ணில் பட்டார். மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றார். 1992-இல் பீஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் உலகச் சாதனையைச் சமன் செய்தார். மூங்கிலின் நேர்ப்பிடியில் தேர்ந்த கை, அயல்நாட்டு வில்லின் வார்ப்பிடிக்கு மாறிற்று. கை பழகியிருந்தால் பிடியை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு இவரே சான்று. இன்றும் நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கெனத் தனிப்பிரிவு உண்டு.

முன்னோர் முரண்பட்டனர்

வில்வித்தையைப் பற்றி முஸ்லிம் அறிஞர்கள் எழுதிய நூல்கள் பல. மம்லூக் சுல்தான்களின் காலத்தில், 1368-ஆம் ஆண்டையொட்டி தைபுகா என்பவர் அரபியில் ஒரு பெருநூல் இயற்றினார். அது 1970-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொராக்கோவில் ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டளவில் பெயரறியாத ஒருவர் எழுதிய மற்றொரு கையேடு, 1945-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வாயிலாக ஆங்கிலமாயிற்று. இவ்வாசிரியர்கள் முன்னோராகப் போற்றுவது மூவரை: அபூ ஹாஷிம், தாஹிர் அல்பல்கீ, இஸ்ஹாக் அர்ரக்கீ. வியப்பு யாதெனில், இம்மூவரும் தம்முள் ஒத்துப்போகவில்லை! வில்லைப் பற்றுவதில் நேராகப் பற்றும் முறையும், சாய்த்துப் பற்றும் முறையும், இரண்டுக்கும் இடைப்பட்ட முறையும் இருந்தன. பின்வந்தோர் இம்முரண்பாட்டைக் கண்டு ஒருவரைத் தள்ளி ஒருவரைக் கொள்ளவில்லை. உடலமைப்பு வேறுபட்டமையால் முறையும் வேறுபட்டது என்று விளக்கம் கூறி, அவரவர் கைக்கும் தோளுக்கும் ஏற்றதைக் கொள்ளச் செய்தனர்.

நம் பயிற்சிக்கூடங்கள் சிலவற்றில் இன்றும், நான் சொல்கிறபடிதான் பற்ற வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்கிற ஆசான்களைக் காண்கிறோம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் இருந்த உஸ்தாதுகள் இவர்களைவிடத் தாராள மனத்தினர்.

அம்முன்னோர் நாணை இழுத்த முறையையும் இங்குக் கூறுதல் வேண்டும், ஏனெனில் பிடியைத் தேர்வதோடு அதற்கு நேரடித் தொடர்புண்டு. அரபியரும் துருக்கியரும் முகலாயரும் நாணைப் பெருவிரலால் கொளுவி இழுத்தனர். விரலைக் காக்கக் கொம்பு, தந்தம், கல் ஆகியவற்றாலான மோதிரம் அணிந்தனர். பேரரசர் ஷாஜஹானின் பெயர் பொறித்த அத்தகைய மோதிரமொன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஐரோப்பியரோ சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றாலும் இழுத்தனர். பெருவிரலால் இழுக்கும் வலக்கையாளர்க்கு அம்பு வில்லின் வலப்பக்கம் அமரும். மூவிரலால் இழுப்போர்க்கு இடப்பக்கம் அமரும். கடையில் கிடைக்கும் வார்ப்பிடி வில்லில் அம்பு தங்குவதற்கென ஒரு படி வெட்டியிருப்பார்கள்; வலக்கையாளர்க்கான வில்லில் அது இடப்பக்கமே இருக்கும். சுன்னத்தின் மீதும் முன்னோர் மீதும் கொண்ட ஆர்வத்தால் பெருவிரல் முறையைப் பயில விரும்பும் வாலிபர் அவ்வில்லை வாங்கினால், பணமும் ஆர்வமும் ஒருங்கே வீணாகும். அவர்க்கு இருபுறமும் ஒத்த நேர்ப்பிடியே பொருந்தும். எம்முறையில் இழுக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்த பின்னரே பிடியைத் தேர்ந்தெடுங்கள்.

எந்தக் கையில் வில்லைப் பிடிப்பது என்பதிலும் ஒரு சோதனை உண்டு. இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கிடையே சிறு துவாரம் விட்டு, அதன் வழியே இரு கண்களாலும் தொலைவிலுள்ள தென்னையையோ பள்ளிவாசல் மினாராவையோ பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துவாரத்திலேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கண் ஆளுமாயின் வில் இடக்கையில். இடக்கண் ஆளுமாயின் வில் வலக்கையில் இருப்பது நலம்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

கடையில் பிள்ளையை உடன் வைத்துக்கொண்டே வாங்குங்கள். அவன் கையைத் தளர்வாக நீட்டச் சொல்லி, பிடியைக் கவையில் வையுங்கள். அழுத்தம் பெருவிரலின் அடித்தசை மேட்டில் விழ வேண்டும். சிறுவிரல் பக்கம் விழலாகாது. விரற்கணுக்கள் நிமிர்ந்து வரிசையாய் நிற்காமல் சாய்வாகப் படிந்திருக்க வேண்டும். அவ்வாறு படிந்தால் முழங்கை தானே வெளித்திரும்பும். நாண் முன்கையில் அறையாது. இனி விரல்களை மெல்ல மடிக்கச் சொல்லுங்கள். விரல் நுனி உள்ளங்கையில் குத்தினால் பிடி மெலிந்தது. விரல்கள் பாதிச் சுற்றுக்குமேல் வராமல் நின்றால் பிடி பருத்தது. மெலிந்த பிடியைச் சரிசெய்யலாம். பருத்த பிடியைச் சரிசெய்வது கடினம். ஐயமாயின் மெலிந்ததையே வாங்குங்கள்.

சரிசெய்வது எப்படி? பழைய கைலியிலிருந்து இரண்டு விரற்கடை அகலத்தில் நீளமாக ஒரு துண்டைக் கிழித்து, பிடியில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றிப் பாருங்கள். எத்தனையாவது சுற்றில் பிள்ளையின் முகம் தெளிகிறதோ அதுவே அவன் அளவு. குழி வேண்டுமாயின், குழாய் அடைக்கப் பயன்படுத்தும் எம்-சீலைப் பிசைந்து மேலும் கீழும் சிறு மேடு எழுப்பி, அது இறுகுமுன் பிள்ளையின் கையை மெல்லிய நெகிழித்தாளுக்கு மேல் பதியவைத்தால், அவன் கையின் அச்சே பிடியாகிவிடும். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, மேலே பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். வழவழப்பான தோல் பார்வைக்கு அழகே. ஆயினும் கடற்காற்றும் புழுக்கமும் நிறைந்த கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பகுதிகளில் வியர்வை பட்டதும் அது வழுக்கும். வழுக்கினால் பிள்ளை இறுக்குவான். இறுக்கினால் பழைய கதைதான்.

ஓர் எச்சரிக்கை. பிடியில் சேர்க்கலாம், செதுக்கலாகாது. இழுக்கும்போது வில்லின் முழு விசையும் தாங்குவது அந்த இடமே. அரத்தை எடுத்து அங்கு மெலியச் செய்தால், வில் முறிந்து முகத்தில் அடிக்கக்கூடும். அம்பு பூட்டாமல் நாணை இழுத்துவிடுவதும் வில்லை முறிக்கும். இதைப் பிள்ளைக்குத் தெரிந்த முதல் பாடமாக ஆக்குங்கள்.

சிப்காட் வளாகத்தில் இயந்திரங்களோடு உழைக்கும் தந்தையர் நம் வாசகர்களுள் இருப்பீர்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்து, கண்ணெரிச்சலோடு இதற்கு வேறு நேரம் ஏது என்று கேட்கலாம். ஒரே அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்பது ஹதீஸ்: நன்மையை நாடி அதனைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர். செய்தவரே முதலில் எண்ணப்படுகிறார். கருவியின் கைப்பிடி சிறிது பிசகினால் மாலைக்குள் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்பதை உங்களைவிட அறிந்தவர் எவர்?

இழுவிசையைப் பற்றி ஒரு சொல். வேட்டைக்கெனச் செய்யும் வில்கள் நாற்பது பவுண்டுக்கும் மேற்பட்டவை. சிறுவர்க்குப் பதினைந்து முதல் இருபது பவுண்டு போதும். தாங்கவொண்ணாத வில்லை இழுக்கும் கை எத்துணை நல்ல பிடியையும் நசுக்கவே செய்யும். வாலிபர்களும் இதில் வீம்பு பாராட்ட வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான். அவர்களின் கைகள் பெரும்பாலும் சிறியனவாதலால் அண்ணனின் வில்லைத் தங்கைக்குத் தள்ளிவிடாமல், அவளுக்கெனத் தனிப் பிடி அமைத்துக் கொடுங்கள்.

பயிலும் முதல் மாதத்தில் பத்தடித் தொலைவே போதும். பின்புறம் சுவரோ மண்மேடோ உள்ள, ஆள் நடமாட்டமற்ற இடமாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை பிடியில் சிறிது முகப்பவுடரைத் தடவி, ஓர் அம்பை எய்த பின் பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரல் மேட்டில் மட்டும் வெண்மை படிந்திருந்தால் நன்று. உள்ளங்கை முழுதும் வெளுத்திருந்தால் இன்னும் இறுக்குகிறான் என்று பொருள். கடிந்துகொள்ள வேண்டாம். கைலித்துண்டைக் கழற்றி மறுபடியும் சுற்றுங்கள்.

வளரும் கை ஓராண்டில் மாறிவிடும். பெருநாளுக்குத் துணி எடுக்கத் தையற்காரரிடம் அளவு கொடுக்கிறீர்கள் அல்லவா? அந்நாளில் வில்லையும் இறக்கி, பிள்ளையின் கையைப் பிடியில் வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டில் நீங்கள் சுற்றிய துணியில் மாற்றம் வேண்டியிருக்கலாம்.